மைக் ஊமையான கதைகள்: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

காட்பாடி ரயிலடி:

ஞாயிறு இரவு ஒன்பது மணி எங்கள் வீட்டில் மகனோடு பேசும் நேரம். அவன் டொராண்டோவில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிறு, அவன் குரல் எனக்குக் கேட்கிறது, என் முகம் அவனுக்குத் தெரிகிறது, என் குரல் மட்டும் போய்ச் சேரவில்லை. கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார் ஆயிற்று?" என்று விசாரித்தார். டொராண்டோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நான் காகிதத்தில் எழுதிக் காட்ட, அவன் படித்துப் படித்துப் பதில் சொன்னான்.

மறுநாள் மடிக்கணினியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். கடையில் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். போர்டில் ஒலிக்கான சிப் போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும், நான்கு நாள் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஓய்வூதியம் வரட்டும் என்று பையோடு திரும்பிவிட்டேன்.

அன்று மாலை எதிர்வீட்டுப் பெண் உறைமோர் வாங்க வந்தாள். பொறியியல் இரண்டாம் ஆண்டு. மேசையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தச் சின்ன விளக்கு எத்தனை நாளாக எரிகிறது?" என்று கேட்டாள். மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு விசை. ஒரு தட்டுத் தட்டினாள், விளக்கு அணைந்தது. மோர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமைதோறும் விசைப்பலகையை ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பது என் வழக்கம். அந்தக் கைதான் மைக்கையும் அணைத்திருக்கிறது.

3,500 ரூபாய் தப்பியது மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். வட ஆற்காட்டுக்காரர்களே, உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

குடியாத்தம் தறி வீடு:

துணைக்கு நான் இருக்கிறேன் ஐயா. எங்கள் தெருவில் விசைத்தறி ஓய்வது மதியச் சாப்பாட்டுக்கும் மின்வெட்டுக்கும்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அண்ணன் பழைய மேசைக் கணினியைக் கொடுத்தான். செல்பேசியோடு வந்த இயர்போனை அதன் இளஞ்சிவப்புத் துளையில் செருகினேன். மைக் துளை அதுதானே? மேலாளருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. ஒரு முறை தற்செயலாகக் காதில் வைக்கும் குமிழ் வாயருகே வந்தது. உடனே மேலாளர், "இப்போது கேட்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல!" என்றார்.

பேய் பிடித்த கணினி என்று நினைத்துவிட்டேன். அண்ணன் வந்துதான் விளக்கினான். செல்பேசி இயர்போனின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை பிளக்கை நான்கு துண்டுகளாகப் பிரிக்கின்றன: இடக்காது, வலக்காது, எர்த், மைக். பழைய மேசைக் கணினியின் துளைகளோ மூன்று துண்டு பிளக்குக்குச் செய்தவை. பச்சை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு பேசுவதற்கு. இளஞ்சிவப்புத் துளை, பிளக்கின் நுனியில் மைக்கைத் தேடுகிறது. என் பிளக்கின் நுனியில் இருந்ததோ இடக்காது. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே குடும்பம் என்பதால், காதுக் குமிழே மைக்காகி முனகியிருக்கிறது. ஒரு முனையில் நான்கு துண்டு பிளக்கை வாங்கி, மறுமுனையில் பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் தனித்தனியே பிரித்துக் கொடுக்கும் ஒய் வடிவக் கம்பி கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிய பிறகு தொல்லை இல்லை. தறிச் சத்தமும் கூடவே மேலாளருக்குப் போகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆற்காடு மக்கன் பேடா:

என் கதை சிறியது. மைக்கில் குரலுக்குப் பதிலாக 'ம்ம்ம்' என்ற இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் தெளிவு, செருகினால் இரைச்சல். வீட்டில் அந்தப் பிளக் பாயிண்டுக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் மைக்கில் பாடியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்தார். மைக்கை மாற்றச் சொன்ன மைத்துனரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

காந்தி ரோடு விடுதி:

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலும் பெயர்ப் பலகை இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் விடுதியிலும் பாதி அறைகளில் வங்காளத்தார்தான். நோயாளியோடு வந்தவர்கள் மாதக் கணக்கில் தங்குவார்கள். கணினி, போன் என்று எது நின்றாலும் வரவேற்பு மேசைக்கு, அதாவது எனக்கு, வரும்.

ஒரு நாள் முதல் மாடியிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது நாள். ஊரில் இருக்கும் மகளோடு பேச மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறார். மகள் அந்தப் பக்கம் ஏதோ சொல்லிச் சொல்லி அழுகிறாள். எனக்கு அரைகுறை இந்திதான். கேட்டுப் பார்த்ததில் விஷயம் இதுதான்: அவளுக்கு அப்பாவின் குரல் கேட்கவில்லை, பாத்திரம் கழுவும் சத்தமும், "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம" என்று யாரோ கூவுவதும் கேட்கிறது. அப்பாவை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று பயந்துவிட்டாள்.

எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று உடனே தெரிந்தது. கீழே இருக்கும் டீக்கடை மாஸ்டர். பெரியவரின் மகன் கழுத்தில் மாட்டும் புளூடூத் கருவியோடு டீ குடிக்க இறங்கியிருக்கிறான். மடிக்கணினி அந்தக் கருவியோடு பிணைந்திருந்தது. கடை எங்கள் வாசலை ஒட்டியே இருப்பதால் தொடர்பு அறுபடவில்லை. ஆகவே கணினி அவன் கழுத்திலிருந்த மைக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்காகத் திரையில் உள்ளபடியே எழுதுகிறேன்: செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் இன்புட். அங்கே எத்தனை மைக் இருக்கிறதோ அத்தனையும் வரிசையாக நிற்கும். வெப் கேமராவின் மைக்கும் அதில் ஒன்றாக இருக்கும். நமக்கு வேண்டியதைத் தொட்டுவிட்டுப் பேசினால் பக்கத்தில் ஒரு கோடு ஏறி இறங்க வேண்டும். பெரியவருக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். முதல் வார்த்தை "மா" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆம்பூர் ஏற்றுமதிப் பிரிவு:

இத்தாலியில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தோல் மாதிரிகளைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினேன். நிறம், தடிமன், விலை எல்லாம் முடித்துவிட்டு "சம்மதமா?" என்று கேட்டால், அவர் காதைத் தொட்டுக் காட்டுகிறார். சவுண்ட் பக்கத்தில் கோடு நன்றாக ஏறி இறங்கியது, ஆனால் பிரவுசருக்குள் குரல் நுழையவில்லை. காரணம், வாசல்கள் இரண்டு. ஒன்று பிரவுசரில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னக் குறி. அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி உண்டா என்று அங்கே தெரியும். மற்றது விண்டோஸில்: பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் மைக்ரோபோன். அந்தப் பட்டியலின் அடியில் டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. குரோம் போன்றவை மேலே உள்ள பட்டியலில் வராமல் அந்த ஒற்றைச் சுவிட்சுக்குள் அடங்கிவிடும். என்னுடையதில் அது அணைந்திருந்தது. பத்து நிமிடப் பேச்சையும் திரும்பப் பேசினேன். இரண்டாம் முறை விலையை ஏற்றிச் சொல்லியிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

கூத்துக்கார மாமாவின் மருமகன்:

ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும் 1989இல் பிரிக்கும் வரை வட ஆற்காடுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் மாமா கூத்து வாத்தியார். துரியோதனன் வேடம் கட்டினால் மைக் இல்லாமலே ஊர்க்கோடி வரை கேட்கும். வெளிநாட்டுத் தமிழர் சிலர் இணையவழியில் கூத்துப் பாட்டுக் கற்றுக்கொள்ள விரும்பினார்கள். மாமா ஆர்மோனியம், மத்தளம், முகவீணை என மொத்த மேளக்காரர்களோடும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கணினிப் பொறுப்பு என்னுடையது.

மடிக்கணினியில் இருக்கும் சிறிய மைக்கை மாமா மதிக்கவில்லை. மைக் செட்காரரிடமிருந்து மேடை மைக்கை வரவழைத்தார். பெரிய பிளக்கைச் சின்னத் துளைக்கு மாற்றும் இணைப்பு ஒன்றைப் போட்டுச் செருகினேன். எறும்பு நடக்கும் அளவுக்குச் சத்தம். அந்த வகை மைக் தரும் மின்சாரம் மிகச் சொற்பம். அதைப் பெருக்க நடுவில் ஆம்பிளிபையரோ மிக்சரோ வேண்டும். அதைக் கழற்றிவிட்டு மடிக்கணினியின் மைக்குக்கே வந்தோம்.

மாமா பேசினார், போனது. பாடத் தொடங்கினார், முதல் அடி போனது, சுதியோடு சேர்த்து இழுத்த இடத்தில் குரல் தேய்ந்து மறைந்தது. முகவீணை சுத்தமாக இல்லை. ஆர்மோனியம் தொடங்கி இரண்டு விநாடியில் அடங்கிப்போனது. மத்தளம் மட்டும் துண்டு துண்டாக. அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயா, நீங்கள் வாயசைப்பது மட்டும் தெரிகிறது" என்றார்கள். மாமா என்னைப் பார்த்து, "கட்டியங்காரன் பேச்சுப் போகிறது, ராஜா பாட்டுப் போகவில்லை. இது என்னடா நியாயம்?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது. இப்போது வரும் பேச்சுச் செயலிகள் பின்னணி இரைச்சலைத் தாமே வடிகட்டுகின்றன. மின்விசிறி, குளிர்பெட்டி, மோட்டார் என்று ஒரே சீராக நீளும் ஒலி எல்லாம் அதற்குக் குப்பை. பேச்சு ஏறி இறங்கும், இடைவெளி விடும், ஆகவே தப்பிக்கும். ஆர்மோனியத்தின் சுதியும் மாமாவின் இழுவையும் அதன் கணக்கில் மின்விசிறி! ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்றே அசல் ஒலியை அனுப்பும் ஒரு வசதி இருக்கிறது. ஆடியோ அமைப்பில் அதை இயக்கியதும் எல்லாம் போயிற்று.

எல்லாம் என்றால், எல்லாமும். இப்போது மாமாவின் குரல் உடைந்து கரகரத்தது. பழுதுபார்க்கிறேன் என்று நான் ஏற்கனவே மைக் அளவை நூறில் வைத்து, மைக்ரோபோன் பூஸ்டையும் ஏற்றியிருந்தேன். சிலர் மென்மையாகப் பேசுவார்கள், அவர்களுக்கு அது சரி. மாமாவுக்குப் பூஸ்டை முழுக்க இறக்கி, அளவை நாற்பதுக்குக் கொண்டுவந்து, மடிக்கணினியைத் திண்ணையின் மறுமுனைக்குத் தள்ளி வைத்தேன். அப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்டது. "மைக்கை ஊமையாக்கினால்தான் என் குரல் போகுமா?" என்று கேட்டார். ஒரு வகையில் ஆமாம்.

பழைய பஸ் நிலையம் பழுதுபார்ப்பவன்:

படித்தேன். முதல் பதிவில் உள்ள கடைக்காரருக்காக நான் வாதாட வரவில்லை. அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னது தவறு. ஆனால் எல்லாமே விசையும் சுவிட்சும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மடிக்கணினியின் மைக் பெரும்பாலும் கேமரா அருகே இருக்கும். அதன் கம்பி மூடியின் கீல் வழியாகக் கீழே இறங்குகிறது. நாளுக்குப் பத்து முறை மூடித் திறந்தால் சில வருடங்களில் உள்ளே அறுபடும். மூடியைச் சாய்க்கும்போது குரல் விட்டுவிட்டு வந்தால் அதுதான். அப்படி வந்தால் திறந்துதான் பார்க்க வேண்டும், விசையைத் தட்டிப் பயனில்லை. கடைக்கு வருமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: யாரிடமாவது யுஎஸ்பி மைக் கடன் வாங்கிச் செருகுங்கள். அது தன் சிப்பைத் தானே கொண்டுவருகிறது. அதுவும் ஊமை என்றால் குறை பெரும்பாலும் அமைப்புகளில். அது பேசி, உள்மைக் பேசவில்லை என்றால் டிரைவரை, அதாவது மைக்கை இயக்கும் மென்பொருளை, ஒரு முறை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்குங்கள். அதன் பிறகும் இல்லை என்றால் என்னைப் போன்றவனிடம் வாருங்கள்.

இன்னொன்று. கேமரா பக்கத்தில் இருக்கும் ஊசித்துளை அடைத்திருக்கிறது என்று தயவுசெய்து ஊசியால் குத்தாதீர்கள். துளைக்குப் பின்னால் இருப்பது சில மில்லிமீட்டர் அளவுள்ள மைக். தூசி எடுக்கிறேன் என்று குத்திக் கிழித்துக்கொண்டு வருபவர்கள், "தானாகவே போய்விட்டது" என்று சொல்வார்கள். ஊசி போன தடம் எனக்குத் தெரியும். நானும் மரியாதைக்குத் தலையாட்டுவேன்.

இலவச மடிக்கணினி 2013:

பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி, இன்னும் ஓடுகிறது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளமும் இருந்தது. லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற ஒலி அமைப்புக் கருவியைத் திறந்து எஃப்4 அழுத்துங்கள், மைக் நெடுவரிசையில் கேப்சர் என்ற சொல் இல்லையென்றால் ஸ்பேஸ் விசையைத் தட்டுங்கள். என் தங்கை ஒரு வருடம் அதை மைக் இல்லாத மடிக்கணினி என்றே நினைத்திருந்தாள்.

காட்பாடி ரயிலடி:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பஸ் நிலையத்துத் தம்பிக்கு: ஊசியை நானும் எடுத்தேன், குத்துவதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

மருமகன் எழுதியதைப் படித்துவிட்டு இந்த ஞாயிறு நானும் அந்த அசல் ஒலியை இயக்கிப் பார்த்தேன். இதுவரை என் குரல் மட்டும்தான் போய்க்கொண்டிருந்ததாம். இப்போது குக்கர் விசில் போயிற்று, தெருமுனையில் குல்பி வண்டியின் மணி போயிற்று, ரயில் ஊதியதும், "அப்பா, இது சரக்கு ரயில்தானே?" என்று கேட்டான். எனக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள். சமையலறையிலிருந்து என் மனைவியைப் பற்றி அவர் சொல்வது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிறது" என்றான்.

அந்த அசல் ஒலியை அணைப்பது எப்படி என்று யாராவது சீக்கிரம் எழுதுங்கள்.