கலைச்சொல் வேண்டல்: ‘ஃப்ரண்ட் போஸ்ட்’, ‘பேக் போஸ்ட்’ கண்ணிகள்

குழுவினருக்கு வணக்கம்.

குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) தொப்பிச் செய்முறையைத் தமிழில் எழுதச் சங்கிலி (‘செயின்’), கண்ணி (‘ஸ்டிச்’), நூல்சுற்று (‘யார்ன் ஓவர்’, ஊசியில் நூலைச் சுற்றுவது) மூன்றும் போன விவாத இழையிலேயே முடிவாயின. அமெரிக்கர் ‘சிங்கிள்’ என்பதை பிரிட்டிஷார் ‘டபுள்’ என்பார்கள். அமெரிக்க ‘டபுள்’ அங்கே ‘டிரெபிள்’. அந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் உயரத்தைப் பார்த்து குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்று வைத்தோம். இப்போது மாட்டியிருப்பது போஸ்ட் கண்ணி. ‘போஸ்ட்’ என்பது கண்ணியின் தலைக்குக் கீழே நிற்கும் உடம்பு, அதாவது தண்டு.

வழக்கமாக ஊசி, கண்ணியின் தலையில் உள்ள இரண்டு இழைகளுக்கு அடியில் நுழையும். இதில் தலையைத் தொடுவதே இல்லை. ஒரு நூல்சுற்று, பிறகு முந்தைய சுற்றின் நெட்டைக் கண்ணியை உடம்போடு வளைத்து, வலப்பக்கம் முன்னிருந்து பின்னே நுழைந்து இடப்பக்கம் முன்னே வரவேண்டும். நூலை இழுத்து, இரண்டிரண்டாக முடித்தால் அந்தக் கண்ணி துருத்திக்கொண்டு முன்னே வரும். பின்னாலிருந்து நுழைந்தால் உள்ளே அமுங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் வரிவரியாக மேடு பள்ளம்.

‘போஸ்ட்’டுக்குக் கால் என்று வைக்கலாமா? முன்கால் கண்ணி, பின்கால் கண்ணி?

— உதகை

---

> முன்கால் கண்ணி, பின்கால் கண்ணி

அக்கா, ஆட்டுக்குக் கண்ணி வைக்கிற மாதிரி இருக்கிறது!

பிரிட்டிஷ் வழக்கில் இதை ‘ரைஸ்டு டிரெபிள்’ என்கிறார்கள், அதாவது புடைத்தது. கண்ணுக்குத் தெரிவதையே பெயராக்கி மேட்டுக் கண்ணி, பள்ளக் கண்ணி என்று வைத்தால் புதிதாகக் கற்பவருக்கும் சட்டென்று புரியும்.

— கோவை

---

மேடு, பள்ளம் தொப்பிக்குச் சரி, மஃப்ளருக்குச் சரிவராது. தொப்பியை வட்டமாகப் பின்னுகிறோம், துணியைத் திருப்புவதில்லை, எப்போதும் வெளிமுகமே நம்மைப் பார்க்கிறது. மஃப்ளரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்புகிறோம். ஒரே மேடு தொடர்ந்து ஏற வேண்டுமானால் நல்ல பக்கத்தில் ஃப்ரண்ட் போஸ்ட், திருப்பிய பக்கத்தில் அதே இடத்தில் பேக் போஸ்ட் போடவேண்டும். அப்போது ‘மேட்டுக் கண்ணி’ என்று எழுதினால் எந்தப் பக்கத்து மேடு? விளைவை விட்டுவிட்டுச் செயலைப் பெயராக்குவதே நல்லது.

செயல் என்ன? ஊசி அந்தத் தண்டைத் தழுவிக்கொண்டு போகிறது. முன்தழுவு கண்ணி, பின்தழுவு கண்ணி. வினைத்தொகை, சுருக்கினால் மு, பி.

இங்கே ஊசி என்பதற்குப் பதில் கொளுக்கி என்று எழுதலாமே? எங்கள் பக்கம் வழங்கும் சொல்தான். நிற்றிங்குக்கும் ஊசி, குறோசேக்கும் ஊசி என்றால் கடையில் மாறித்தான் கிடைக்கும்.

— யாழ்ப்பாணம்

---

கொளுக்கிக்கு என் ஓட்டு. பிரெஞ்சில் ‘குரோஷே’ என்றாலே சின்னக் கொக்கிதான்.

தழுவு அழகு. இரண்டு தடை சொல்கிறேன். ‘முன்’ என்றால் முன்பக்கமும் ஆகும், முந்தையதும் ஆகும். ‘முன் கண்ணி’ என்று படிப்பவர் போன கண்ணிக்குத் திரும்பிவிடுவார். ‘பின்’னோ இன்னும் மோசம்: பின்பக்கம், அப்புறம், பின்னு என்ற ஏவல், மூன்றும் அதற்குள். அகம், புறம் பார்த்தேன். புறங்கை போல புறத்தழுவு என்றால் பின்பக்கம் கிடைக்கிறது. ஆனால் தொப்பியில் புறம் என்றால் வெளிப்பக்கம், பேக் போஸ்ட்டோ உள்பக்கம் அமுங்குவது. அதுவும் போயிற்று.

இன்னொன்று, புணர்ச்சிப்படி முன் + தழுவு = முன்றழுவு.

— மதுரை

---

ஐயா, ‘பின்தொடர்’ என்று ஊரே எழுதுகிறது, யாரும் பின்றொடர்வதில்லை. இயல்பாக விட்டுவிடுவோம்.

பொருள் மயக்கத்துக்கு ஒரு வழி உண்டு. செய்முறை எழுதும்போது முன், பின் இரண்டையும் தழுவோடு மட்டும் சேர்ப்பது. வரிசை சொல்ல முந்தைய, அடுத்த என்று மட்டுமே எழுதுவது. சொல்லைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட ஒரு செய்முறைக்குள் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

தலைச் சுற்றளவு 56 செ.மீ. பெரியவருக்கு. 4ஆம் பருமன் நூல் (அட்டையில் தடிமன் எண் 4), 5 மி.மீ. கொளுக்கி. அளவு: 10 செ.மீ.க்குள் 13 அல்லது 14 நெட்டைக் கண்ணி, 7 சுற்று. வளையத்துக்குள் 12 நெட்டை. அடுத்தடுத்த சுற்றுகளில் 12, 12 ஆகக் கூட்டி 24, 36, 48, 60, 72. ஆறாம் சுற்றில் வட்டத்தின் விட்டம் 17 செ.மீ. ஒட்டி வந்தால் சுற்றளவு 53. தலையைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். ஓரம் அலையலையாக நெளிந்தால் கண்ணி கூடிவிட்டது. கிண்ணம் போலக் குவிந்தால் குறைந்துவிட்டது, அல்லது கை இறுகிவிட்டது.

இனிக் கூட்டல் இல்லை. 7ஆம் சுற்று முதல்: 1 மு, 1 பி, சுற்று முழுவதும். தழுவு கண்ணி தலையில் உட்காராமல் தண்டில் உட்காருவதால் சுற்றின் உயரம் குறையும், 1.4 செ.மீ. வந்த சுற்று 1 செ.மீ.க்கு இறங்கும். 12 அல்லது 13 சுற்று போட்டால் மொத்த ஆழம் 21 செ.மீ.

72 நல்ல எண். 1-1 வரிக்கு இரட்டைப்படை போதும், 2-2 வரிக்கு 4ஆல் வகுபட வேண்டும். மூன்று சுற்றுக்கு 3 மு, 3 பி, அடுத்த மூன்று சுற்றுக்கு இடம் மாற்றி என்று கூடை முடைவது போலச் செய்ய 6ஆல் வகுபட வேண்டும். மூன்றுக்கும் பொருந்தும்.

— உதகை

---

மு, பி ஓட்டத்தில் தடுக்கவில்லை. ஒரு திருத்தம்: சுற்றின் தொடக்கத்தில் 3 சங்கிலி போட்டு அதை ஒரு கண்ணியாக எண்ணினால், அடுத்த சுற்றில் தழுவ அங்கே சரியான தண்டு இருக்காது. மெலிந்த சங்கிலிதான் இருக்கும். தொப்பியில் மேலிருந்து கீழாக ஓர் இடைவெளி தெரியும். 2 சங்கிலி போட்டு, அதை எண்ணாமல் விட்டு, அதே இடத்தில் முதல் கண்ணியைத் தொடங்கச் சொல்லுங்கள்.

நூலைப் பற்றியும் செய்முறையில் இருக்கட்டும். ‘ப்ளை’க்கு (நூலில் சேர்த்து முறுக்கிய இழை) நம்மிடம் புரி இருக்கிறது, முப்புரி நூல் என்ற வழக்கே உண்டு. ஆனால் அட்டையில் ‘4 ப்ளை’ என்றிருப்பது பெரும்பாலும் மெல்லிய நூலின் பெயர். 4ஆம் பருமன் அதைவிட நன்றாகத் தடித்தது. புரி வேறு, பருமன் வேறு என்று பிரித்தே எழுதவேண்டும். 4ஆம் பருமனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வொர்ஸ்டட்’ இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. அதை மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை, எண்ணே போதும்.

பல புரி முறுக்கிய வழவழப்பான நூலில்தான் தழுவு வரி எடுப்பாகத் தெரியும். மொஹேர் மாதிரி மயிர் பரந்த நூலும் கறுப்பு நிறமும் வேலையை மூடிவிடும். பருத்திக்கு மீள்தன்மை குறைவு, இரண்டு நாளில் கண்ணுக்குமேல் வழியும். தனி அல்பாக்காவும் தொய்யும். செம்மறிக் கம்பளி கலந்ததாக வாங்கவேண்டும். நெற்றி அரிக்கும் என்பவருக்கு மெரினோ. அக்ரிலிக் விலை குறைவு, இயந்திரத்தில் துவைக்கலாம், ஆனால் இஸ்திரியோ நீராவியோ பட்டால் வரி செத்துத் தட்டையாகிவிடும், மறுபடி எழாது. இந்தப் பின்னல் நூலை நிறையக் குடிக்கும். 100 கிராம் பந்து இரண்டு, ஒரே சாயத்தொகுதி (ஒரே தடவையில் சாயமிட்ட நூல்) எண்ணில்.

— டொராண்டோ

---

சரி, முன்தழுவு, பின்தழுவு, கொளுக்கி, புரி, பருமன் ஐந்தையும் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். ‘டை லாட்’டுக்குச் சாயத்தொகுதி எனக்குப் பிடித்திருக்கிறது, மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

— மதுரை