ஹை-கீ உருவப்படம்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒளிப்படக் கலைச்சொல் பட்டியலில் ‘ஹை-கீ’க்கு (பெரும்பகுதி வெளிச்சமாகவே தெரியும் படம்) எதிரே இடம் காலியாகவே இருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: வெண்படம், மிகையொளிப்படம், உயர்திறவுப்படம். சொல்லை உரசிப் பார்க்க ஒரு சோதனைப் படம் இணைத்துள்ளேன். படத்தின் குறைகளையும் தயங்காமல் எழுதுங்கள்.

பின்னணி வெள்ளைக் காகிதச் சுருள். அதற்கு 2 மீட்டர் முன்னால் ஆள். காகிதத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு ஃபிளாஷ். முகத்துக்கு ஒளியை மென்மையாக்கும் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், கண்மட்டத்துக்குச் சற்று மேலே. எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். ஐஎஸ்ஓ 100, 1/125 நொடி, எஃப் 8. ஒளியை அளக்கும் கை மீட்டரில் (எஃப் எண் கூடினால் ஒளி கூடுதல்) முகம் எஃப் 8, பின்னணி எஃப் 16. மாநிற முகம், கருப்பு முடி, வெளிர்நீலச் சட்டை.

———

> பின்னணி எஃப் 16

ஐயா, கோளாறு இந்த வரியில்தான் இருக்கிறது. முகத்தைவிட 2 ஸ்டாப் கூடுதல் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி இருமடங்கு). அவ்வளவு வெளிச்சம் காகிதத்தில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் நேராக வருகிறது. அதனால்தான் காதோரத்து முடியிழைகள் கரைந்துபோயின. முடியின் கருப்பும் சாம்பல் பூத்திருக்கிறது. பின்னணியை எஃப் 11க்கு இறக்குங்கள். 1 ஸ்டாப் போதும். ஒன்றரைக்கு மேல் வேண்டாம். முகத்துக்குச் சமமாக எஃப் 8லேயே விட்டால் காகிதம் அழுக்கு வெள்ளையாக விழும், அதுவும் ஆகாது. பின்னணி ஃபிளாஷ்களுக்கும் ஆளுக்கும் நடுவே கருப்பு அட்டை வைத்தால் கன்னத்தில் பக்கவாட்டு ஒளி ஏறாது.

நெற்றியிலும் வெண்திட்டு தெரிகிறது. கேமராவின் ஹைலைட் எச்சரிக்கை பின்னணியில் மட்டும் மினுக்க வேண்டும். நெற்றியிலோ சட்டையிலோ மினுக்கினால் அங்கே விவரம் போய்விட்டது என்று பொருள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சிறிது மீட்கலாம், முழுதும் வராது.

கண்கள் நன்றாக வந்திருக்கின்றன. கண்மணி கருப்பாகவே நிற்கிறது. அது சாம்பலாகியிருந்தால் படம் வெறுமனே வெளுத்த படம்.

இதை வைத்தே சொற்களைப் பார்க்கலாம். ‘மிகையொளி’ தவறு: எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளி) அளவு மீறுவது வேறு, இது வேறு. முகத்துக்குச் சரியான அளவுதான் இங்கே கொடுக்கிறோம். ‘திறவு’ கூடவே கூடாது. இங்கே ‘கீ’ பூட்டுத் திறக்கும் சாவி அல்ல, படத்தின் ஒளிநிலை. ‘வெண்படம்’ எனக்கு மிகவும் உறுத்துகிறது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு எடிட்டிங்கில் உட்காருபவர் முதலில் வெளுப்பது தோலைத்தான். மாநிறமும் கருநிறமும் ஹை-கீயில் தம் நிறத்தோடே நிற்க வேண்டும். சுற்றியிருப்பவைதான் வெளிச்சமாகின்றன. தோலை வெளுக்கச் சொல்லும் சொல் நம் பட்டியலில் வரக்கூடாது.

என் பரிந்துரை: உயர்சுருதிப் படம். லோ-கீக்கு (பெரும்பகுதி இருளாக நிற்கும் படம்) தாழ்சுருதிப் படம். சுருதியை ஏற்றிப் பாடினாலும் ஏழு சுரமும் இருக்கும். இதிலும் கண்மணியின் கருப்பு முதல் காகிதத்தின் வெள்ளை வரை எல்லாம் இருக்கும், கூட்டம் மட்டும் மேலே ஏறி நிற்கும். ஹிஸ்டோகிராமில் (இடம் இருள், வலம் வெளிச்சம் எனப் படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடம்) பெருங்குவியல் வலப்பக்கம், மெல்லிய வால் இடது கோடி வரை.

———

சுருதி எனக்கும் பிடித்திருக்கிறது. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் உண்டே, அதிலிருந்து ‘வலிவுப்படம்’ எடுக்கலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால் வலிவு என்றதும் கடுமையான கான்ட்ராஸ்ட்தான் (இருள்-வெளிச்ச வேறுபாடு) மனதில் வரும். நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடும்.

ஒரு திருத்தம் மட்டும். சினிமாவில் ‘ஹை-கீ லைட்டிங்’ என்றால் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. முகத்தின் ஒளிப்பக்கத்துக்கும் நிழல்பக்கத்துக்கும் உள்ள விகிதம்தான் அங்கே கணக்கு. 2:1 அல்லது அதற்கும் குறைவு, அதாவது 1 ஸ்டாப்புக்குள். 8:1 என்றால் 3 ஸ்டாப், அது லோ-கீ. பச்சைச் சுவர், சிவப்புப் புடவை என எல்லாம் இருக்கும் நகைச்சுவைக் காட்சியும் ஹை-கீ லைட்டிங்தான். அதை ‘உயர்சுருதி’ என்றால் பிடிபடாது. விளக்கமைப்புக்கு ‘நிழல்குறை ஒளியமைப்பு’, எதிர்நிலைக்கு ‘நிழல்மிகு ஒளியமைப்பு’ என்று தனியே வைப்போம்.

———

> தனியே வைப்போம்

ஒப்புக்கொள்கிறேன். மேகமூட்டத்தில் சிமெண்ட் சுவர் முன்னால் எடுத்த படம் நிழல்குறை, ஆனால் உயர்சுருதி அல்ல. இந்த எடுத்துக்காட்டையே விளக்கத்தில் சேர்க்கலாம்.

ஃபிளாஷ் இல்லாதவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்: ஜன்னல் ஒளியில் வெள்ளைச் சுவர் முன் எடுத்தால் கேமராவின் தானியங்கி மீட்டர் வெள்ளையை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரில் +1 முதல் +2 ஸ்டாப் வரை ஈடு கொடுக்க வேண்டும், முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மிட்-கீக்கு ‘இடைச்சுருதி’ சரியா? படம் அனுப்பியவர் பின்னணியை எஃப் 11க்கு இறக்கி எடுத்ததை ஹிஸ்டோகிராமோடு அனுப்பினால் பட்டியலிலேயே இணைத்துவிடலாம்.