பருவுக்கு மூலிகை போட்டவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

மல்லிப்பந்தல்:
என் தங்கைக்கு நடந்தது. பரு என்றதும் அத்தை எலுமிச்சம்பழத்தைத் தோலோடு பிழிந்து கன்னத்தில் தடவிவிட்டார். அந்தக் கையோடு மொட்டை மாடியில் வடகம் பிழிய இருவரும் போய்விட்டார்கள். நல்ல வெயில். மறுநாள் லேசான எரிச்சல்தான். அப்புறம் கன்னத்தில் மூன்று பழுப்புக் கோடுகள் எழும்பின, அத்தையின் விரல் போன தடத்திலேயே. பள்ளியில் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் யாராவது அடிச்சாங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் அழுத அழுகை! எலுமிச்சைத் தோலில் உள்ள ஃபூரானோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டால் சருமத்தைச் சுட்டுவிடும் என்றார் டாக்டர். கறை மறைய மாதக்கணக்கில் ஆனது.

குற்றாலத்தான்:
எனக்கு டீ ட்ரீ ஆயில் (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது) நன்றாகவே கேட்டது. 5 சதவீத ஜெல், மெதுவாகத்தான். பிறகு வீட்டில் கிடந்த பழைய டீ ட்ரீ எண்ணெயைத் தடவியபோது தாடை முழுக்கத் தடிப்பு. டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார், ஒன்றும் கேட்காமல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். காற்றுப் பட்டுப் பழசானால்தான் அது அதிகம் ஒவ்வாமை தருமாம்.

கீழவாசல்:
மெதுவாக என்பது சரிதான். ஆஸ்திரேலியாவில் 1990-இல் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஆயிலையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீக்கு நாள் அதிகம் பிடித்தது, எரிச்சல் குறைவு.

ஆனால் மல்லிப்பந்தல் சொன்னதைப் படித்துவிட்டு மூலிகையே வேண்டாம் என்று யாரும் ஓடாதீர்கள். கர்ப்பமாக இருந்தபோது எனக்கு முகமெல்லாம் பரு. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகைப் பரு மருந்து) கூடாது என்று டாக்டர் எழுதியது அசெலாயிக் ஆசிட். கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாக இருக்கும் பொருள்தான் அது. பருவோடு கறையும் மங்கியது. தங்கைக்கு மிச்சக் கறை இருந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். முதலில் கொஞ்சம் குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், இல்லாவிட்டால் கறை திரும்பக் கறுக்கும். எதைப் போட்டாலும், கஸ்தூரி மஞ்சளே ஆனாலும், முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். பருவைக் கிள்ளவே கிள்ளாதீர்கள். கட்டி கட்டியாக வலியோடு வந்தால் எந்த இலையையும் அரைத்துக்கொண்டிருக்காமல் நேரே தோல் டாக்டரிடம் போங்கள், குழி விழுந்த பிறகு சரிசெய்வது கஷ்டம்.

மல்லிப்பந்தல்:
நான் மூலிகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயிலில் போகிற பிள்ளை முகத்தில் எலுமிச்சை வேண்டாம் என்கிறேன்.