பஸ் இலவசம், வோட்டர் ஐடி ஜெராக்ஸ் கட்டாயம்

குழு: 6-வது கிராஸ் குடும்பங்கள், பெங்களூரு
14 டிசம்பர் 2025

செல்வி அக்கா: மேல்மருவத்தூர் வருகிறவர்கள் பேர் கொடுங்கள். இந்த வருஷமும் நம்ம ஏரியா கட்சிக்கார அண்ணன்தான் பஸ் விடுகிறார். சாப்பாடு, சிவப்புப் புடவை எல்லாம் அவர் செலவு. ஆதார், வோட்டர் ஐடி ஜெராக்ஸ் மட்டும் கொண்டு வாருங்கள். ஓம் சக்தி 🙏

பிரபு: ஆதார் சரி அக்கா. அம்மனைப் பார்க்க வோட்டர் ஐடி எதற்கு?

செல்வி அக்கா: கேட்கிறார்கள், கொடுக்கிறோம். உனக்கு எதிலும் சந்தேகம்தான்.

மணி சார்: வார்டு எல்லை எல்லாம் மாறிவிட்டதே. முன்பு ஒரே மாநகராட்சி, 198 வார்டு. இப்போது ஐந்து மாநகராட்சி, 369 வார்டு. யார் ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டாமா? பஸ் கிளம்புவதற்குள் லிஸ்ட் ரெடி.

முருகன் அயர்ன் கடை: இருக்கட்டுமே சார். மழையில் மோரி நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு மோட்டாரோடு வந்து நின்றது யார்? மாநகராட்சி ஆபீஸில் போனை எடுக்க ஆள் இல்லை.

மணி சார்: ஆள் எப்படி இருக்கும்? நாம் கடைசியாகக் கார்ப்பரேட்டருக்கு, அதாவது வார்டு கவுன்சிலருக்கு, ஓட்டுப் போட்டது 2015 ஆகஸ்டில். 2020 செப்டம்பரோடு அவர்கள் காலம் முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பாஜக ஆட்சியும் நடத்தவில்லை, 2023-இல் வந்த காங்கிரஸ் ஆட்சியும் இன்னும் நடத்தவில்லை.

பிரபு: இரண்டு பேருக்கும் என்ன பயம் சார்?

மணி சார்: பயம் எம்எல்ஏக்களுக்கு. வார்டில் பேர் வாங்கினவன் நாளைக்குச் சட்டசபை டிக்கெட் கேட்பான். கார்ப்பரேட்டர் இல்லாவிட்டால் ரோடு, மோரி, போர்வெல் எல்லாம் எம்எல்ஏ கையில். அவரைப் பார்க்க நாம் அண்ணனிடம் போக வேண்டும். தேர்தல் வந்தால் டிக்கெட்டுக்கு அண்ணன் அவரிடம் போவார்.

தேவி: சார், அம்மாவுக்கு விதவை பென்ஷன் நின்று போயிருந்தது. அண்ணன் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அடுத்த மாதமே வந்துவிட்டது. அது அரசாங்கப் பணம் என்று எனக்கும் தெரியும். சீட்டு இல்லாமல் வரவில்லையே.

முருகன் அயர்ன் கடை: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பிரபு: நம்ம வார்டு பெண்கள் ஒதுக்கீட்டில் வந்துவிட்டால் அண்ணன் என்ன செய்வார்? பாதி வார்டு பெண்களுக்குத்தானே.

தேவி: அண்ணி நிற்பார்கள். போஸ்டரில் அண்ணன் படம்தான் பெரிதாக இருக்கும் 😂

பிரபு: அண்ணி பேர் என்ன?

தேவி: தெரியாது.

மணி சார்: செல்விம்மா, நீங்களே நிற்கலாமே. இந்த கிராஸில் யார் வீட்டில் யாருக்கு ரேஷன் கார்டு இல்லை என்பது வரை உங்களுக்குத் தெரியும். பேர் எழுதுவது, ஆள் கூட்டுவது எல்லாம் நீங்கள்தான்.

செல்வி அக்கா: எனக்கு யார் சார் டிக்கெட் கொடுப்பார்கள்? கையில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். போன தடவை பூத் சிலிப் கொடுக்க முழங்கால் வலியோடு மாடி மாடியாக ஏறினேன். ஜெயித்ததும் மேடையில் நிற்கக்கூட இடம் கொடுக்கவில்லை. சரி விடுங்கள். பேர் கொடுக்காதவர்கள் இன்று சாயங்காலத்துக்குள் கொடுங்கள்.

பிரபு: என் அம்மா பேரை எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. ஆதார் ஜெராக்ஸ் மட்டும்தான் தருவோம்.

பிரபு அம்மா: செல்வி, நான் நேற்றே இரண்டு ஜெராக்ஸும் கொடுத்துவிட்டேன். ஜன்னல் சீட் சொல்லி வை.