பாட்டில் பஞ்சு (பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுக்கற பாலியஸ்டர் நார்) நூல் ஓட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

சென்னிமலைத் தறி
போன ஐப்பசியில நடந்தது, இன்னும் மனசு ஆறலை. பெட்ஷீட்டுக்கு 10-ம் நம்பர் ஓ.இ. நூல் (ஓப்பன் எண்ட், ரோட்டர் மெஷின்ல நூற்ற தடி நூல்), வழக்கத்தை விட விலை கம்மியா வந்துச்சு. சாயத்துக்குக் குடுத்தோம். சாயக்காரர் போன் பண்ணி, "நேர்ல வந்து பாருங்க"ன்னார். மெரூன் தொட்டியில இருந்து ஒரு நூல் சிட்டத்தைத் தூக்கிப் பிழிஞ்சு, ஒரு இழையை முறுக்குப் பிரிச்சுக் காட்டினார். பாதி நார் மெரூன், பாதி நார் பளிச்சுன்னு வெள்ளை. சாயம் போடாத இழை ஒண்ணை எடுத்துத் தீக்குச்சி வெச்சார். பருத்தின்னா சாம்பலா உதிர்ந்திருக்கும். இது சுருங்கிப் போய் நுனியில கடுகு மாதிரி கறுப்பு உருண்டை. நகத்தால அழுத்தினேன், நசுங்கலை. "பாட்டில் பஞ்சு கலந்திருக்கு தம்பி, இதுக்கு என் தொட்டியில சாயம் ஏறாது"ன்னார்.

மூட்டை மேல நூல் நம்பர் இருக்கு, எந்தத் தடவை ஓட்டினதுங்கற லாட் நம்பர் இருக்கு. கலப்பு எத்தனை சதவீதம்னு ஒரு எழுத்து இல்லை. பாட்டில் பஞ்சு கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. சொல்லாம விக்கறது அநியாயம்.

ஓ.இ. மில் ஃபிட்டர், வெள்ளகோவில்
வருத்தம் நியாயம்தாங்க. ஆனா கலக்கறதே ஏமாத்துன்னு படிக்கறவங்க நினைச்சுக்கக் கூடாது. பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிழிச்சு எடுக்கற பஞ்சு குட்டை நார். அதை மட்டும் ஓட்டினா ரோட்டர்ல அறுந்துகிட்டே இருக்கும். பாட்டில் பஞ்சு 38 மி.மீ.ன்னு ஒரே நீளத்துல வெட்டி வரும். அது சேர்ந்தாத்தான் இழைக்குப் பலம், உங்களுக்கும் அந்த விலை.

2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினப்போ, கலர் நூல் கேட்டு எங்க மில் வாசல்லயே பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தார் ஒரு பெட்ஷீட்காரர். அவர் முகம் மறக்கலை. அதனால சொல்றேன்: வெள்ளை நூல் வாங்கிச் சாயம் போடறதை விடுங்க. பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், பிரஷர் மெஷின்ல 130 டிகிரி வேணும். திறந்த தொட்டியில தண்ணி 100-க்கு மேல போகாது. உருக்கும்போதே கலர் சேர்த்த பஞ்சு இருக்கு, டோப் டைட்னு கேளுங்க. அதோட, கலர்வாரியாப் பிரிச்ச பனியன் வேஸ்ட் கலந்த நூலா எடுங்க. சாயத் தண்ணியே வேண்டாம். பில்லுல கலப்பு சதவீதம் எழுதச் சொல்லுங்க. லாட் மாறினா பாவுல (நீளவாட்டு இழை) ஏத்தாதீங்க, ஊடைக்கு (குறுக்கு இழை) வெச்சுக்குங்க. முதல் கோனைப் பிரிச்சதும் கொளுத்திப் பாருங்க.

பேல் குடோன், ஈரோடு
நீங்க ரெண்டு பேரும் நூல்ல இருந்து பேசறீங்க. எங்க குடோன்ல பாட்டில் பிரிக்கற அக்கா ஒருத்தங்க, குவியல்ல இருந்து ஒண்ணை எடுத்து அடியைத் திருப்பினாங்க. பெட் பாட்டில்னா, அதாவது பஞ்சு எடுக்கற பிளாஸ்டிக்னா, அடி நடுவுல ஒரு புள்ளி இருக்கும். இதுல கோடு. மடக்கினாங்க, மடங்கின இடம் வெள்ளையா வெளுத்துச்சு. பி.வி.சி.ங்கற வேற பிளாஸ்டிக்! மூடியெல்லாம் கழுவற தொட்டியில மிதந்துரும், அள்ளிக் கொட்டிடலாம். பி.வி.சி. பெட்டோட சேர்ந்து அடியில தங்கிடும். உருக்குற இடத்துல 260 டிகிரி சூட்டுல அது கருகி ஆசிட் புகை விட்டா மொத்தப் பஞ்சும் மஞ்சள்.

அக்காவுக்குக் கிலோக் கூலி. "ஒதுக்கினது எடையில சேராதுல்ல?"ன்னு கேட்டாங்க. சேராது. மலிவு நூல்னு நாம சொல்றதுல அவங்க கூலியும் இருக்கு.

கரூர் ஏற்றுமதி
ஃபிட்டர் அண்ணா, அந்த விலை இப்படியே இருக்கும்னு நம்பாதீங்க. 2023 பிப்ரவரியில பிரதமர் பார்லிமென்ட்டுக்குப் போட்டுட்டு வந்த நீலக் கோட்டு, எங்க ஊர்க் கம்பெனி பாட்டில்ல இருந்து செஞ்ச துணி. அதுக்கப்புறம் ஒரு பையர் வந்து டேபிள் துணியைத் தடவிப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "சர்டிபிகேட் இருக்கா?" பஞ்சுல இருந்து துணி வரைக்கும் ஒவ்வொரு கை மாறும்போதும் ஜி.ஆர்.எஸ். (மறுசுழற்சிச் சரக்குதான்னு சொல்ற குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) பேப்பர் வேணும். சின்னத் தறிக்காரர் அந்தச் செலவுக்கு எங்க போவார்? இப்போ பாட்டில் கம்பெனிகளுக்கும் சட்டம் இருக்கு: கெட்டி பிளாஸ்டிக் பேக்கிங்ல 2025-26க்கு 30 சதவீதம் மறுசுழற்சி, 2028-29க்கு 60. நல்ல வெள்ளைப் பாட்டில் திரும்பப் பாட்டிலாவே போகப் போகுது. நமக்குப் பச்சையும் கலரும்தான் மிஞ்சும்.

சென்னிமலைத் தறி
ஃபிட்டர் அண்ணா சொன்னபடி டோப் டைட் விசாரிச்சேன். நமக்கு வேண்டிய கலர்னா டன் கணக்குல எடுக்கணும்ங்கறாங்க, ஒரு தறிக்கூடத்துக்குக் கட்டாது. கறுப்பும் சாம்பலும் சில்லறையாக் கிடைக்குதாம். பேல் குடோன் அண்ணா, பச்சைப் பாட்டில் பஞ்சு அப்படியே பச்சையா வருமே, அதை வெச்சு யாராவது ஜமுக்காளம், மிதியடி ஓட்டியிருக்காங்களா? சலவையில கலர் நிக்குதான்னு தெரியணும். பெருந்துறை, பவானி பக்கம் ஓட்டினவங்க இருந்தா சொல்லுங்க, நாலு பேரு சேர்ந்து ஒரு லாட் எடுப்போம்.