ஆச்சி தலையில் மூணு கட்டி: வெறும் கொழுப்புக் கட்டிதானா?

கேள்வி (காரைக்குடி): ஆச்சிக்கு வயசு 62. உச்சந்தலையில் மூணு கட்டி, பெருசு நெல்லிக்காய் அளவு. இளஞ்சிவப்பு, கெட்டி, மேலே முடியில்லை, வலியுமில்லை. அவுக அண்ணனுக்கும் இதேபோல உண்டு. அப்படியே விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க. கொழுப்புக் கட்டி அமுக்கினா மெத்துனு இருக்கும், மேல்தோல் மாறாது. தலையில் அதிகம் வர்ற ட்ரைகிலெம்மல் சிஸ்ட் (முடிவேர் உறையில் உண்டாகும் பை மாதிரி கட்டி) தோலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி நகரும். அதுவும் குடும்பத்தில் வரும். நீங்க சொல்ற நிறத்துக்கும் வழுக்கைக்கும் சிலிண்ட்ரோமாவை (தோல் சுரப்பி, முடிவேர்ப் பகுதியில் வர்ற, பெரும்பாலும் புற்றில்லாத கட்டி) யோசிக்கணும். வேறிடத்துப் புற்று பரவினாலும் இப்படித் தெரியலாம், அதனால பயாப்சி (திசுவை வெட்டி எடுத்துச் சோதிக்கிறது) கட்டாயம்.

பதில்: ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தா செல் தெரியும், அமைப்பு தெரியாது. சின்னக் கட்டி ஒண்ணை முழுசா எடுக்கச் சொல்லுங்க. மேலாகச் சீவினா ஆழத்தில் இருப்பது தப்பிடும். எடுத்த துண்டு கெடாம இருக்க, அதன் அளவைப் போல 10 மடங்கு 10% ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்துற திரவம்) வேணும். சலைனில் (உப்புத் தண்ணியில்) போட்டு மதுரை லேபுக்கு பஸ்ஸில் அனுப்பினா திசு கெட்டுடும். ஸ்லைடில் ஜிக்சா துண்டுகள் பொருந்தின மாதிரி செல் திட்டுகள், ஒவ்வொண்ணையும் சுத்தி ஹயலின் (கண்ணாடி மாதிரி வழவழப்பான) உறை இருந்தா சிலிண்ட்ரோமா.

பதில்: அண்ணன் விஷயத்தை லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்க ஆத்தா. குடும்பத்தில் சிலிண்ட்ரோமா வரக் காரணமான சிஒய்எல்டி மரபணு மாற்றம்னா, ஆச்சியோட ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50% வாய்ப்பு. கட்டி சட்டுனு வளர்ந்தா, புண்ணாகி ரத்தம் கசிஞ்சா, அந்த வாரமே காட்டுங்க.