ஸ்காட்லாந்தில் ஊருக்கு ஒரு பள்ளி: கால்வின் கொள்கை மட்டும்தான் காரணமா?

தக்கலை மாணவி:
பி.எட். படிக்கிறேன். கல்வி வரலாற்றுக் கட்டுரையில், ஸ்காட்லாந்தில் 16ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வினின் கொள்கை பரவியதால் எல்லோரும் படித்தார்கள் என்று எழுதியிருந்தேன். ஒரு கொள்கை எப்படிப் பள்ளிக்கூடமாகும் என்று கேட்டு சார் திருப்பித் தந்துவிட்டார். நம்ம ஊர் மிஷன் பள்ளிகளோடு ஒப்பிடலாமா?

மயிலாடி டீச்சர்:
உங்கள் சார் கேட்டது சரியான கேள்வி, மகளே. கொள்கை காரணத்தைத் தரும், வாத்தியாருக்குச் சம்பளம் தராது.

1560இல் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸும் மற்றப் போதகர்களும், தேவாலயம் இருக்கும் இடமெல்லாம் ஒரு வாத்தியார் வேண்டும், ஏழைப் பிள்ளைக்குச் சபையே செலவு செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேதத்தை அவரவரே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் பழைய கத்தோலிக்க சபையின் சொத்தில் பெரும்பங்கு பிரபுக்கள் கைக்குப் போயிருந்தது. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் 1616, 1633, 1646 என்று ஆணையும் சட்டமுமாக வந்தன. பிடி இறுகியது 1696இல்தான். ஒவ்வொரு சபை வட்டாரத்திலும் நிலக்காரர்கள் பள்ளிக்கூடம் தர வேண்டும், வாத்தியாருக்கு வருஷம் 100 முதல் 200 மெர்க் (அந்நாளைய ஸ்காட்லாந்துப் பணம்) வரை கொடுக்க வேண்டும். அதில் பாதியைக் குத்தகைக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம். கட்டுரையில் இந்தப் பாதியை விட்டுவிடாதீர்கள், பாரம் சுமந்தது யார் என்பது அதில் இருக்கிறது.

இன்னொன்று, அங்கே வாசிப்புதான் முதலில். 107 கேள்விகள் கொண்ட கிறிஸ்தவ ஞான வினாவிடையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். எழுதக் கற்கத் தனிக் கட்டணம், அதனால் பல பெண்பிள்ளைகள் வாசிப்போடு நின்றார்கள்.

என் பாட்டியும் அப்படித்தான். ராத்திரி சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிச் சங்கீதம் வாசிப்பார். ஒரு எழுத்து பிசகாது. ரேஷன் கடையில் மட்டும் கைநாட்டு. பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வருவார். ஸ்காட்லாந்தில் வாசிக்கத் தெரிந்தும் கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது, எனக்குப் பாட்டியின் விரல்தான் கண்ணில் நின்றது.

நெய்யூர் வாசகன்:
டீச்சர் சொன்னது சரி. ஒப்பிடும்போது மட்டும் கவனம். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, ஜெர்மனியின் ஹாலேயில் படித்த லூத்தரன், அதாவது கால்வின் வழி அல்ல, மார்ட்டின் லூத்தர் வழி. அவரை அனுப்பிய லண்டன் மிஷனில்தான் கால்வின் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையார் அதிகம். ஆக நம்ம ஊரில் இரண்டு ஓடையும் கலந்திருக்கிறது. திருவிதாங்கூரில் 1817இல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டதையும் சேருங்கள். இனி ஸ்காட்லாந்துக்கு வந்தால், அதன் வடமலைப் பகுதியில் ஒரு வட்டாரமே பல மைல் நீளம், பேச்சோ கேலிக் மொழி. அங்கே ஒரு பள்ளி எப்படிப் போதும்? அங்கே 1872 கல்விச் சட்டத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்கள் பள்ளிகளை நடத்தின.

தக்கலை மாணவி:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். டீச்சர், பாட்டிக்கு யாரும் எழுதச் சொல்லித் தரவில்லையா?

மயிலாடி டீச்சர்:
எட்டாம் வகுப்பு லீவில் நான் சிலேட்டோடு உட்கார்ந்தேன். பெயரின் முதல் மூன்று எழுத்து வரை வந்தது. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.